முலாம் பூசிய ஸ்பேனர்கள்

இமோலாவில் நடக்கும் பழைய கார் சாமான் சந்தைக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்தவர் அதோஸ். நான் அல்ல. அதோஸ் என் மனைவி மார்சியாவின் அப்பா. மார்சியா மார்ச் மாதம் இறந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. நான் அலுவலகத்தில் இருந்தேன்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குத் தொழிற்சாலையிலேயே கொடுத்த டூல் கிட்டுகளைச் சேகரித்து விற்பது அவள் தொழில். கார் புதிதாக வரும்போது டிக்கியில் ஒரு கான்வாஸ் சுருட்டுப் பை இருக்கும். அதற்குள் ஸ்பேனர்கள், பிளையர், திருப்புளி, ஒரு சுத்தியல், பிளக் கழற்றும் குழாய். முதல் வருஷமே பக்கத்து வீட்டுக்காரன் ஒன்றை இரவல் வாங்கிப் போவான். மெக்கானிக் ஒன்றைத் தன் பெட்டியில் போட்டுக்கொள்வான். அறுபது வருஷம் கழித்துக் கார் இருக்கும், அதன் கருவிகள் இருக்காது. காருக்குச் சொந்தக்காரன் எஞ்சினுக்கு அலைந்ததைவிட அதிகமாக ஒரு பிளக் குழாய்க்கு அலைவான். அப்படி அலைகிறவர்கள் கடைசியில் மார்சியாவிடம் வருவார்கள்.

அவள் எதையும் சுத்தம் செய்யமாட்டாள். அந்தத் தொழிலில் முதல் விதி அது. துரு இருந்தால் துரு, கறை இருந்தால் கறை. உலர்ந்த துணியால் ஒரு முறை துடைப்பாள், அவ்வளவுதான். ஸ்பேனரின் தண்டில் அடித்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்து, எந்தப் பட்டறையில் எந்தக் காலத்தில் அடித்தது என்று சொல்வாள். சாப்பிடும்போதுகூட ஒன்று மேசையில் கிடக்கும். ரொட்டிக்குப் பக்கத்தில் வைக்காதே என்று நான் சொல்வேன். வைப்பாள்.

ஸ்கார்தோவி கார் ஒன்றின் கிட்டை அவள் பல வருஷமாகச் சேர்த்துவந்தாள். வியா எமிலியா சாலையோரம் ஒரு கொட்டகையில் கொஞ்ச நாள் நடந்த கம்பெனி அது. அந்தக் கார்களே இன்று சொற்பம். முழுக் கிட்டைப் பார்த்தவர்கள் இல்லை என்றே சொல்வார்கள். ஜனவரியில் பிளக் குழாய் கிடைத்ததும் கிட் முழுமையானது. எல்லை தாண்டி லுகானோவில் கம்பனோவோ என்று ஒரு பல் டாக்டர் இருக்கிறார். அவரிடம் அந்தக் கார் இருக்கிறது. செப்டம்பரில் இமோலா சந்தைக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

அதோஸுக்கு மகளின் தொழில் பிடித்ததில்லை. ஃபோர்மிஜினேயில் அவர் முலாம் பட்டறை நடத்தினார். கார் பம்பர், கதவுக் கைப்பிடி, ஸ்பேனர், எல்லாம் அவர் தொட்டியில் இறங்கிப் பளபளவென்று ஏறும். "நான் ஆயுசு பூரா பழசைப் புதுசாக்கினேன், என் பொண்ணு பழசைப் பழசாவே விக்கிறா" என்று சாப்பாட்டு மேசையில் சொல்வார். பழைய இரும்புக்காரி என்று அவளைக் கூப்பிடுவார். அவள் சிரிப்பாள். எப்போதும் சிரிப்பாள் என்று சொல்ல முடியாது.

அவள் போன பிறகு அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஜூலையில் ஒரு நாள் வந்தார். உட்காரவில்லை.

"செப்டம்பர்ல இமோலா போறோம். அந்தப் பல் டாக்டர் வருவாருல்ல?"

"வருவார்னு நினைக்கிறேன்."

"அவர் அந்தக் கிட்டைப் பாத்துட்டு என்ன சொல்றாருன்னு நான் கேக்கணும். பக்கத்துல நின்னு, என் காதால கேக்கணும். அவ வேலை எப்படின்னு தெரிஞ்சவங்க வாயால ஒரு வார்த்தை. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், நெரியோ."

"சரி."

"கராஜ் சாவியைக் குடு. சாமானைக் கொஞ்சம் தயார் பண்ணி வைக்கிறேன்."

கொடுத்தேன். அந்தக் கோடையில் யார் எதைக் கேட்டாலும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஆறுகளை அளக்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். செக்கியாவில் தண்ணீர் எவ்வளவு, பனாரோவில் எவ்வளவு. அந்தக் கோடையில் இரண்டிலும் தண்ணீர் இல்லை.

இமோலாவில் சந்தை பந்தயத் தளத்திலேயே நடக்கும். கார்கள் சீறிப்போகும் பாதையின் இரு பக்கமும் கடைகள். எங்கள் இடம் ஏற்றத்தில், ஒரு வளைவு தாண்டி. வெள்ளிக்கிழமை வேனில் போய்ச் சேர்ந்தபோது வானம் மூடியிருந்தது. பக்கத்துக் கடை எர்மெஸுடையது. ஃபோர்லிக்காரர். கார்புரேட்டர், பழைய டேஷ்போர்டுக் கடிகாரம் விற்பவர். டூல் கிட்டும் விற்பார். அதனால் அவருக்கும் மார்சியாவுக்கும் பத்து வருஷச் சண்டை. ஒருவர் மோப்பம் பிடித்த பொருளை மற்றவர் கொத்திக்கொண்டு போவார். சந்தை முடிந்ததும் ஒரே பாட்டிலில் குடிப்பார்கள்.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். தோளைப் பிடித்தார். வழக்கமாகச் சொல்வதையே சொன்னார். எங்கள் பக்கம் பட்டம் படித்தவனெல்லாம் டாக்டர்தான்.

"வந்துட்டியா, ஆத்து டாக்டரே. ஆறு கீழ ஓடுது. இங்க மேல ஒண்ணும் ஓடாது."

"தெரியும்."

"இளைச்சுட்டே. சாப்பிடுறியா இல்லையா?"

"சாப்பிடுறேன்."

"பொய் சொல்ற. உன் பெல்ட் சொல்லுது."

அதோஸ் மேசையைப் போட்டுப் பச்சைத் துணி விரித்துக்கொண்டிருந்தார். மார்சியா விரிக்கும் அதே துணி. இஸ்திரி போட்டிருந்தார். வேனிலிருந்து ஒரு பெட்டியைத் தானே தூக்கி வந்து, ஸ்கார்தோவியின் சுருட்டுப் பையை எடுத்து, நடுவில் வைத்தார். கயிற்றை அவிழ்த்து உருட்டி விரித்தார்.

எல்லாம் பளபளத்தன. கல்யாண விருந்துக்கு எடுத்து வைத்த கரண்டிகள் மாதிரி வரிசையாக. மேகத்தையும் மீறி வெளிச்சம் அதில் அடித்தது. திருப்புளியின் மரக் கைப்பிடியில் புது வார்னிஷ். சுத்தியலின் காம்பிலும். பை வெளுத்திருந்தது. அதிலிருந்து லாவெண்டர் வாசனை வந்தது.

எர்மெஸ் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்தார்.

"எப்படி?" என்றார் அதோஸ்.

"அதோஸ்," என்றார் எர்மெஸ், "கண்ணு கூசுது."

அதோஸ் சிரித்தார். மார்ச்சுக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. "நெரோட்சியோட பட்டறையில போய் நானே செஞ்சேன். என் தொட்டியைத்தான் வித்துட்டேனே. ஆசிட்ல போட்டு அந்தக் கறுப்பு எல்லாத்தையும் எடுத்தேன். முதல்ல காப்பர், அப்புறம் நிக்கல். ரெண்டு தடவை. கை நடுங்குதுன்னு நெரோட்சி பையனுங்க சொன்னாங்க. எங்க நடுங்கியிருக்கு? காட்டு பாப்போம். பையை மெஷின்ல போட்டேன். ரெண்டு தடவை ஓட விட்டேன். அழுக்கு சாமி, அவ்வளவு அழுக்கு."

எர்மெஸ் என்னைப் பார்த்தார். நான் பிளையரைப் பார்த்தேன். அதன் கணுவில் நிக்கல் படிந்து இறுகியிருந்தது. அதைத் திறக்க முடியாது.

"அவ இருந்தா இதைப் பாத்து என்ன சொல்லியிருப்பா?" என்று அதோஸ் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வேனை நிறுத்தும் இடத்தில் விட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

எர்மெஸ் ஒரு ஸ்பேனரை எடுத்துத் தண்டைத் தடவினார். "எழுத்து போச்சு. பாரு. தேய்ச்சிருக்கான், அப்புறம் மேல பூசியிருக்கான். சோப்புக்கட்டியில எழுதின மாதிரி இருக்கு." பையை மோந்து பார்த்தார். "லாவெண்டர்! என் மாமியார் அலமாரி!"

"முலாமை எடுக்க முடியுமா?"

"எடுக்கலாம். எடுத்தா அடியில என்ன இருக்கும்? ஒண்ணும் இருக்காது. வெறும் இரும்பு. அந்தக் கறுப்பு கம்பெனியிலயே சுட்டுப் போட்ட கறுப்பு. அது ஒரு தடவைதான்." ஸ்பேனரை அதன் இடத்தில் வைத்தார். "இந்தப் பிளக் குழாய் ஃபாயென்ட்சாவுல ஒரு கிழவிகிட்ட இருந்தது. உனக்குத் தெரியுமா? நான் பணத்தை எடுத்துட்டுப் போனேன். உன் பொண்டாட்டி ஒரு தட்டு கேக்கை எடுத்துட்டுப் போய், அவகூட உக்காந்து சாயந்திரம் வரைக்கும் டிவி பாத்தா. நான் கார்ல இருந்தேன். ஜன்னல் வழியா பாத்தேன். ரெண்டு பேரும் ஏதோ போட்டிக்குக் கை தட்டுறாங்க. குழாய் அவளுக்குத்தான்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அவருக்குத் தெரியக் கூடாது," என்றேன்.

"யாருக்கு?"

"அதோஸுக்கு. அவர் செஞ்சது என்னன்னு."

எர்மெஸ் மேசையைச் சுற்றி வந்து என் எதிரில் நின்றார். "டாக்டரே, இது இமோலா. இங்க நாளைக்கு வர்றவன் ஒவ்வொருத்தனும் பூதக்கண்ணாடியோட வருவான். ஒருத்தன் போதும், வாயைத் திறந்தா போதும்."

"பல் டாக்டரை வாசல்லயே பிடிச்சுச் சொல்லிடுறேன். அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போயிடட்டும். அதுக்கு அப்புறம் சுருட்டி வச்சிடலாம்."

"அதுவரைக்கும்?"

"நீங்க கொஞ்சம் மறைச்சுக்குங்க."

"நானா? அவ சாமானை மறைக்கவா? இது தெரிஞ்சா அவ சிரிப்பா." தன் கடையிலிருந்து பெரிய டேஷ்போர்டு ஒன்றைத் தூக்கி வந்து எங்கள் மேசையின் முனையில் சாய்த்து வைத்தார். போகிறவர்களுக்குக் கிட் தெரியாது. அதோஸ் திரும்பி வந்து அதை ஏன் இங்கே வைத்திருக்கிறாய் என்று சண்டை போட்டார். தன் மேசை பாரம் தாங்காது என்று எர்மெஸ் சொன்னார். அன்று மாலை வரை இருவரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை நான் வாசலில் நின்றேன். தூறல் இருந்தது. கம்பனோவோவை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். உயரமானவர். சட்டைப் பையில் சின்ன டார்ச். என்னை அவர்தான் முதலில் அடையாளம் கண்டார். தொப்பியைக் கழற்றினார்.

"உங்களுக்குக் கடிதம் எழுதினேன். வந்துதா?"

வந்திருந்தது. நான் பிரிக்கவில்லை. வந்தது என்றேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். முலாம் என்ற இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலிக்கிற பல்லைத் தொட்டதுபோல இருந்தது அந்த முகம். கார் அவருடையது. அந்தக் கிட்டுக்காக அவரும்தான் காத்திருந்தார்.

"எல்லாமா?"

"எல்லாம்."

"பிளக் குழாய்?"

"அதுவும்."

ஜனங்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள்.

"நீங்க வாங்க வேண்டாம்," என்றேன். "அவர் மகளைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க. அதுக்காகத்தான் அவர் வந்திருக்கார்."

"அவங்களைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் சொல்வேன். அதுல பொய் இல்லை. ஆனா அந்தப் பொருளைப் பாத்து நல்லா இருக்குன்னு சொல்ல என்னால முடியாது, டாக்டர். முகத்துல தெரிஞ்சிடும்."

"பொருளைப் பத்திப் பேசாதீங்க."

"முயற்சி பண்றேன். நாள் பூரா அடுத்தவங்க வாயைத் திறக்கச் சொல்றவன் நான். என் வாயை மூடிக்கிறது எப்படின்னு பாக்கணும்."

ஏற்றத்தில் சேர்ந்து நடந்தோம். அதோஸ் டை கட்டியிருந்தார். எர்மெஸின் டேஷ்போர்டை எடுத்துத் தரையில் வைத்துவிட்டிருந்தார். எர்மெஸ் தூரத்திலிருந்தே என்னிடம் கையை விரித்துக் காட்டினார். நான் என்ன செய்வேன் என்று.

கம்பனோவோ அதோஸின் கையைப் பிடித்தார். நெடுநேரம் பிடித்திருந்தார். "உங்க மகளுக்கு இருந்த கண்ணு இத்தாலியில யாருக்கும் இல்லை. எங்க ஊர்லயும் இல்லை. நான் முகஸ்துதிக்குச் சொல்லலை. எத்தனையோ பேர்கிட்ட ஏமாந்துட்டுத்தான் அவங்ககிட்ட வந்தேன்."

அதோஸ் தலையாட்டினார். அதோடு முடிந்திருக்க வேண்டும். நான் பையைச் சுருட்டக் கையை நீட்டினேன்.

"இரு," என்றார் அதோஸ். "இன்னும் பாக்கலையே அவர். பாருங்க டாக்டர். கையில எடுத்துப் பாருங்க."

கம்பனோவோ பிளக் குழாயை எடுத்தார். கட்டைவிரல் தானாக எழுத்தைத் தேடிப்போனது. இல்லாத இடத்தில் நின்றது. அதைத் திரும்ப வைத்தபோது வேறு ஒன்றின் இடத்தில் வைத்தார்.

"எனக்கு... நான் வேற ஒரு கிட் வாங்கிட்டேன், அதோஸ் ஐயா. மன்னிக்கணும். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"பரவாயில்லை, வாங்க வேண்டாம். விக்கறதுக்கு நான் வரலை. எப்படி இருக்குன்னு சொல்லுங்க, போதும்."

கம்பனோவோ மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தூறல் அவர் கையிலிருந்த தொப்பியில் விழுந்துகொண்டிருந்தது. எர்மெஸ் தன் கடையிலிருந்து, "டாக்டர், இங்க வாங்க, ஒரு கடிகாரம் வந்திருக்கு, லுகானோ கடிகாரம்!" என்று கத்தினார். யாரும் திரும்பவில்லை.

அப்போது கம்பனோவோவின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை நீண்டது. கோட்டில் பிரெஷா நகரத்துக் கிளப் ஒன்றின் பேட்ஜ். கார் போட்டிகளில் மதிப்பெண் போடுகிற ஆள் என்று பார்த்தாலே தெரிந்தது.

"இது ஸ்கார்தோவியா? அட கடவுளே. இதுக்கு யாரு முலாம் போட்டது?"

"ஏன்?" என்றார் அதோஸ்.

"ஏன்னா இது கறுப்பா இருக்கணும். இப்ப இது என்ன, சாலட் கரண்டியா? முத்திரை எங்க? கரைச்சுக் குடிச்சுட்டானா? இந்த உலகத்துல ஒரே ஒரு முழுக் கிட் இருந்தது. அதை எடுத்து ஒரு மடையன்..." நிறுத்தி மோந்தார். "இது என்ன வாசனை?"

அதோஸ் அவரைப் பார்க்கவில்லை. கம்பனோவோவைப் பார்த்தார்.

"அப்படியா, டாக்டர்?"

கம்பனோவோ என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமா," என்றார். மிக மெதுவாக.

அதோஸின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. முலாம் பட்டறைக்காரர்களின் நகங்கள் வயதானால் மஞ்சளாகிவிடும். அந்த நகங்களைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன்.

"நான்தான் போட்டேன்."

பிரெஷாக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீயா?"

"நான்தான். சுத்தமா இருந்தா நல்லா இருக்கும்னு நினைச்சேன்."

"நீ மார்சியா புருஷன்தானே? பத்து வருஷம் அவகூட ஒரே வீட்டுல இருந்தே. ஒரு நாள்கூட அவ சொன்னதைக் கேட்டதில்லையா நீ?"

கேட்டிருக்கிறேன். ரொட்டிக்குப் பக்கத்தில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு அவள் சொன்ன எல்லாம் எனக்குத் தெரியும். "இல்லை," என்றேன்.

அவர் நிறுத்தவில்லை. இன்னும் நிறையச் சொன்னார். எதிர்க்கடைக்காரர்கள் வந்து நின்றார்கள். நான் அதோஸ் என்ன செய்வார் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது. அவர் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. பிறகு குரல் வந்தது.

"நான் வேண்டாம்னு சொன்னேன்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"நான் சொன்னேன் இவன்கிட்ட. தொடாதே, அவ விட்டுட்டுப் போனது போனபடியே இருக்கட்டும்னு. கேட்டானா? படிச்சவன். ஆத்துல எவ்வளவு தண்ணி ஓடுதுன்னு படிச்சவன். இரும்பைப் பத்தி இவனுக்கு என்ன தெரியும்?"

எர்மெஸ் இருமினார். கம்பனோவோ தொப்பியைப் போட்டுக்கொண்டார். அவர் யாரிடமும் விடைபெறாமல் இறக்கத்தில் நடந்து போனார். குடை இல்லாமல் போனார்.

மதியத்துக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஏற்றத்தில் கூட்டம் வந்தது. கிட்டைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். மார்சியாவிடம் ஒரு சுத்தியல் வாங்கிய பெண் ஒருத்தி, "அவ போய் ஒரு கோடை கழியறதுக்குள்ளயா?" என்று கேட்டாள். அதோஸ் ஒவ்வொருவருக்கும் சொன்னார். முதலில் தடுமாறினார். பிறகு தடுமாற்றம் போய்விட்டது. நான் எப்படி அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனேன், யாரிடம் கொடுத்தேன், அவர் போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது, என்றெல்லாம். கேட்டவர்கள் அவர் தோளைத் தட்டினார்கள். ஒரு கிழவர் அவரைக் கட்டிக்கொண்டார். அதோஸ் அங்கேயே அழுதார். அடக்கத்தன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

கடையைக் கட்டும்போது எர்மெஸ் மொர்தடெல்லா இறைச்சி வைத்து மடித்த பியாதினா ரொட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

"தின்னு. இன்னிக்கு இமோலாவுல உன்னைவிடப் பெரிய கழுதை கிடையாது. கழுதைக்கும் பசிக்கும்."

"நன்றி."

"எத்தனை நாளைக்கு? நான் குடிச்சா உளறிடுவேன். என் வாயைப் பத்தி உனக்குத் தெரியும்."

"உளறாதீங்க."

"ஏன்? அந்த ஆள் தப்பிச்சுட்டான். இனிமே நீ இங்க தலை காட்ட முடியாது. தெரியுதா உனக்கு? இங்க இவனுங்க பொண்டாட்டியை ஏமாத்தினவனை மன்னிப்பானுங்க. பாலிஷ் போட்டவனை மன்னிக்கமாட்டானுங்க."

"தெரியும்."

"உனக்குக் கோபம் வரலையா?"

யோசித்தேன். வரவில்லை. பியாதினா சூடாக இருந்தது. அது தெரிந்தது.

திரும்பும்போது வேனை நான்தான் ஓட்டினேன், அதோஸ் பக்கத்தில். ஃபோர்மிஜினேயில் அவர் வீட்டு வாசலில் இறங்கும்போது, "நாளைக்குச் சாப்பிட வா. ஒரியெல்லா வர்றா," என்றார். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். ஒரியெல்லா அவருடைய மூத்த மகள்.

ஞாயிற்றுக்கிழமை சூப்பில் போட்ட தொர்தெல்லீனி, கறி வைத்து மடித்த குட்டி மாவுத் துண்டுகள். ஒரியெல்லா பரிமாறினாள். சந்தை எப்படி இருந்தது என்று அவள்தான் கேட்டாள். அதோஸ் சொன்னார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். கூச்சம் இல்லை. ஒரே நாளில் அவருக்கு அது நடந்தது போலவே ஆகிவிட்டிருந்தது.

"ஆசிட்ல போட்டு ஊற வச்சிருக்கான். ஒரு முத்திரை இல்லாம போச்சு. அதுக்கு மேல காப்பர். காப்பர் என்னவோ ஒழுங்காத்தான் ஏறியிருக்கு, ஒரு திட்டு கிடையாது, ஓரத்துலகூடச் சமமா..."

ஒரியெல்லா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் முலாம் பட்டறையில் வளர்ந்தவள். பள்ளிக்கூடம் விட்டு வந்து தொட்டிகளுக்கு நடுவில் வீட்டுப்பாடம் எழுதியவள்.

"காப்பர் எதுக்குப் பூசுவாங்க, நெரியோ?" என்று என்னிடம் கேட்டாள்.

"நிக்கல் பிடிக்கறதுக்கு," என்றேன்.

"எப்பத் தெரிஞ்சுக்கிட்டே?"

"இப்ப கொஞ்ச நாளா."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அதோஸ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பில் ஆவி நின்றுவிட்டது. ஒரு நிமிஷம் அவள் ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய்ச் சீஸ் துருவிக் கொண்டுவந்தாள். மேசையில் ஏற்கெனவே சீஸ் இருந்தது.

"கராஜ்ல மிச்சம் இருக்கே," என்றார் அதோஸ். "அவ சேத்து வச்சது. அது உன்கிட்ட இருக்க வேண்டாம். நான் எடுத்துக்கறேன்."

"அப்பா," என்றாள் ஒரியெல்லா.

"என்ன அப்பா? இவன் அதையும் பாழாக்கிடுவான். எங்கிட்ட இருக்கட்டும்."

அவர் குரலில் பயம் இருந்தது. உண்மையான பயம். யாரிடமிருந்து அவற்றைக் காப்பாற்ற நினைக்கிறார் என்று அவருக்கே தெளிவாக இல்லை என்று தோன்றியது. முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தப் பெட்டிகள் எனக்கு வேண்டும். அது அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. முடியாது என்றால் ஏன் என்று கேட்பார். அதற்குப் பதில் ஒன்றுதான் இருந்தது.

"எடுத்துக்குங்க," என்றேன்.

அந்த வாரத்திலேயே ஒரு வாடகை வேனோடு வந்தார். கராஜில் மார்சியாவின் அலமாரி அவள் விட்டபடி இருந்தது, ஸ்கார்தோவியின் இடம் தவிர. அதோஸ் பழைய செய்தித்தாள் கட்டு ஒன்று கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு பையாக எடுத்து, பிரிக்காமல், தாளில் சுற்றினார்.

"இது எந்த வண்டிக்கு?"

சொன்னேன்.

"இது?"

சொன்னேன். எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எது பொலோன்யாவில் ஒரு டாக்சிக்காரரிடம் வாங்கியது, எது கோழிக்கூண்டுக்கு அடியில் கிடந்தது, எல்லாம். அவர் நான் சொன்னதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார். ஒரு ஸ்பேனர் பையிலிருந்து நழுவிக் கையில் விழுந்தது. திருப்பிப் பார்த்தார்.

"துருப்பிடிச்சிருக்கே."

"இருக்கணும்."

"இருக்கணும்," என்றார். உள்ளே வைத்தார். விரலில் ஒட்டிய துருவைத் துடைத்துக்கொள்ளவில்லை. கையைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டே அடுத்ததை எடுத்தார்.

பெட்டிகளை நானும் தூக்கினேன். வேனில் எல்லாம் ஏறிய பிறகு, சந்தையிலிருந்து திரும்பியதிலிருந்து பெஞ்சின் மேலேயே கிடந்த ஸ்கார்தோவி கிட்டை எடுத்து நீட்டினேன். அவர் பின்னால் நகர்ந்தார்.

"அது வேண்டாம்."

"இதுவும் அவளோடதுதான்."

"அது நீ செஞ்ச வேலை. நீயே வச்சுக்கோ."

வேனில் ஏறினார். தெரு முனையில் இண்டிகேட்டர் போடாமல் திரும்பினார். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

அக்டோபரில் சமையலறைக் குழாய் ஒழுகியது. வீட்டில் வேறு ஸ்பேனர் இல்லை. எல்லாவற்றையும் அவர் எடுத்துப் போய்விட்டார். ஸ்கார்தோவி பையைப் பிரித்துப் பெரியதை எடுத்தேன். நட்டில் சரியாகப் பொருந்தியது. நட்டு பழசு, சுண்ணாம்பு ஏறி இறுகியிருந்தது. முழங்காலை ஊன்றி, முழு பலத்தையும் கொடுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. ஒழுகுவது நின்றதும் ஸ்பேனரை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பிடித்த இடத்தில், ஓரங்களில், எங்கேயும் நிக்கல் உரியவில்லை. நல்ல வேலை. அவரைக் கூப்பிட்டு அதைச் சொல்ல முடியாது. ஈரத்தைத் துடைத்துப் பையில் வைத்தேன்.